ஓய்வுநாள் பள்ளிக்கு ஆள் சேர்ந்த விதம்

ஞாயிறுதோறும் பிள்ளைகளுக்கு நடத்தும் ஓய்வுநாள் பள்ளிக்கு ஆசிரியர் வேண்டும் என்று ஆராதனை முடிவில் எத்தனை முறை அறிவித்தாலும் எங்கள் சபையில் யாரும் அசைய மாட்டார்கள். வருகிறவர்களும் மே மாத வி.பி.எஸ். (விடுமுறை வேதாகமப் பள்ளி) முடிந்ததும் காணாமல் போவார்கள். அறிவிப்பை விட்டுவிட்டு, ஆளாளாகப் போய்க் கேட்க ஆரம்பித்தேன். 'ஊழியத்துக்கு வாங்க' என்று அல்ல. 'ஜூலை மாசம் மட்டும் சின்னப் பிள்ளைங்களுக்கு அட்டெண்டன்ஸ் எடுப்பீங்களா அக்கா?' என்று. எப்போது முடியும் என்று தெரிந்ததும் பாதித் தயக்கம் போய்விட்டது.

கதை சொல்ல வெட்கப்பட்ட கல்லூரித் தம்பியை கஜோன் என்கிற பெட்டி மேளத்தைத் தட்டச் சொன்னோம். மனப்பாட வசனத்தைத் தாளத்தோடு சொல்லிக்கொடுக்கத் தொடங்கினார். இப்போது அந்த வகுப்பே அவர் கையில்.

ஒரு வகுப்புக்கு எப்போதும் இரண்டு பெரியவர்கள். பிள்ளைகளின் பாதுகாப்புக்கு இது கட்டாயம். ஒருவர் ஊருக்குப் போனாலும் வகுப்பு நிற்காது. வேதாகமத்தில் யாத்திராகமம் 18இல் மாமனார் எத்திரோ மோசேக்குச் சொன்னதும் வேலையைப் பிரித்துக் கொடு என்பதுதானே. பாடம் புதன்கிழமையே வாட்ஸ்அப்பில் போய்விடும். கத்தரிக்கோல், கலர் பேப்பர், பசை எல்லாம் வகுப்புவாரியாகப் பையில் இருக்கும். சனிக்கிழமை ராத்திரி ஸ்டேஷனரி கடைக்கு ஓடவிட்டால் நல்ல ஆசிரியரும் கழன்றுகொள்வார்.

ஆண்டு விழாப் பொன்னாடையில் எனக்கு நம்பிக்கை குறைவு. 'அழுதுட்டிருந்த பாப்பாவ மடியில வச்சு கலர் அடிக்க வச்சீங்களே, அவங்க அம்மாவுக்கு ரொம்ப சந்தோஷம்' என்று அன்றைக்கே சொல்வதுதான் அடுத்த வாரமும் ஆளை வரவைக்கிறது.

டிசம்பர்தான் இன்னும் சிக்கல். வீடு வீடாகப் போய்க் கிறிஸ்துமஸ் பாட்டுப் பாடும் கேரல் ரவுண்ட்ஸ் முடிந்து விடியற்காலை வீடு சேர்கிற வாலிபர்களை ஞாயிறு காலை எழுப்ப முடிவதில்லை. அந்த மாதம் பெண்கள் ஐக்கியத்து அம்மாக்கள் பார்த்துக்கொள்கிறார்கள்.