லண்டன்–ரோம்: விமானத் தூரமும் நேரமும் நாமே கணக்குப் போடலாம்

கூகுளில் தட்டினால் ஒரு நொடியில் வந்துவிடும், தெரியும். ஆனால் ஒரு தளத்தில் 779, இன்னொன்றில் 897, மூன்றாவதில் 1,443 என்று இருந்தால் எதை நம்புவது? மூன்றும் சரிதான். முதலாவது கடல் மைல் (விமானிகள் பேசுவது இதில்தான்), அடுத்தது சாதாரண மைல், கடைசி கிலோமீட்டர். ஒரு தடவை கையால் போட்டுப் பார்த்துவிட்டால் இந்தக் குழப்பமே வராது.

படி 1: நிலையத்தை முடிவு செய்யுங்கள். லண்டனுக்கு ஹீத்ரோ, கேட்விக், ஸ்டான்ஸ்டெட், லூட்டன் என்று வரிசையாக இருக்கின்றன, ரோமுக்கு இரண்டு. நாம் ஹீத்ரோ–ஃபியூமிச்சினோ எடுத்துக்கொள்வோம்.

படி 2: அட்சரேகை, தீர்க்கரேகை. ஹீத்ரோ 51.47 வடக்கு, 0.45 மேற்கு. ஃபியூமிச்சினோ 41.80 வடக்கு, 12.24 கிழக்கு. அட்சரேகையில் வித்தியாசம் 9.67. தீர்க்கரேகையில்தான் எல்லோரும் வழுக்கி விழுவார்கள்: கிரீன்விச் கோடு கிழக்கு லண்டன் வழியாகப் போகிறது, ஹீத்ரோ அதற்கு மேற்கே, ரோம் கிழக்கே, அதனால் இங்கே கழிக்கக் கூடாது, கூட்ட வேண்டும். 12.69.

படி 3: ஒரு டிகிரி என்பது சுமார் 111 கி.மீ. வடக்கு–தெற்காக 9.67 × 111 = 1,073. கிழக்கு–மேற்கில் துருவத்தை நோக்கிப் போகப் போகக் கோடுகள் நெருங்கிவிடுவதால், நடு அட்சரேகையின் (46.6) கொசைன் மதிப்பான (கால்குலேட்டரில் cos பொத்தான்) 0.687-ஆல் பெருக்க வேண்டும், 12.69 × 111 × 0.687, ஏறக்குறைய 968. கால்குலேட்டரில் cos மைனஸில் வந்தால் பதற வேண்டாம், அது ரேடியனில் (கோணத்தை அளக்கும் இன்னொரு அலகு) கிடக்கிறது, டிகிரிக்கு மாற்றுங்கள். அப்புறம் பள்ளிக்கூடத்துப் பிதாகரஸ்தான்: இரண்டையும் வர்க்கப்படுத்திக் கூட்டி, வர்க்கமூலம் எடுத்தால் 1,445 கி.மீ. பூமியை உருண்டையாக வைத்துப் போடும் கணக்கில் 1,443. இரண்டே கிலோமீட்டர் பிசகு! தூரம் கூடக் கூடப் பிசகும் கூடும், லிஸ்பன்–ஹெல்சிங்கிக்கு இதே முறையில் போட்டால் அறுபது கி.மீ-க்கு மேல் தப்பும்.

படி 4: நேரம். விமானம் நேர்கோட்டில் போகாது, 5 சதவீதம் கூட்டுங்கள், 1,515. மணிக்கு 800 கி.மீ என்று வகுத்தால் 1 மணி 54 நிமிடம். ஏறி இறங்க, ஓடுபாதைக்கு ஊர்ந்து போக ஒரு 40 நிமிடம். ஆக, சுமார் 2 மணி 35 நிமிடம்.

திரும்பி வரும்போது கொஞ்சம் கூடுதலாகும். ஐரோப்பாவின் மேல்வானில் காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்து வீசுவதால் லண்டன் பக்கம் வரும்போது எதிர்க்காற்று, போதாததற்கு ஹீத்ரோவில் இறங்க முறை வராமல் வானத்திலேயே வட்டமடிப்பதும் சகஜம்.

படி 5: டிக்கெட்டைப் படிப்பது. 10:00 புறப்பாடு, 13:35 வருகை என்று இருந்தால் மூன்றரை மணி நேரப் பயணம் என்று நினைத்துவிடாதீர்கள், டிக்கெட்டில் இருப்பது அந்தந்த ஊர் நேரம், ரோம் ஒரு மணி நேரம் முன்னால். கோடை நேர மாற்றம் இரண்டு ஊரிலும் ஒரே கணத்தில் நடப்பதால் வருடம் முழுக்க இதே ஒரு மணிதான். வரும்போது 15:00-க்குக் கிளம்பி 16:45-க்கு இறங்குவீர்கள், அது 2 மணி 45 நிமிடம்.

சரி, வாசலிலிருந்து வாசலுக்கு? 10 மணி விமானத்துக்குக் காலை 7-க்கு வீட்டை விட்டுக் கிளம்பி, ஃபியூமிச்சினோவில் பாஸ்போர்ட், பெட்டி எல்லாம் முடித்து, 32 நிமிட நேரடி ரயிலில் ரோமின் மைய ரயில் நிலையமான டெர்மினியில் இறங்கும்போது அங்கே பிற்பகல் 3 மணி ஆகியிருக்கும். ஒரு மணியைக் கழித்தால் 7 மணி நேரம், அதில் விமானத்துக்குள் இருந்தது பாதிகூட இல்லை.