வயலின் வரிகளும் கிளாரினெட் மூச்சும்

செக் இசையமைப்பாளர் துவோர்ஷாக்கின் 9-ஆவது சிம்பொனி, 1893-இல் நியூயார்க்கில் அரங்கேறிய ‘புதிய உலகம்’. அதைக் காற்றிசைக் குழுவுக்கு மாற்றி எழுதிய வடிவத்தை எடுத்தபோது, வயலின்களின் வேலை கிளாரினெட் வாசிக்கும் எங்கள் தலையில் விழுந்தது. வயலின்காரர் வில்லைத் திருப்பினால் போதும், ஒலி அறுபடாது. எங்களுக்கு மூச்சு வேண்டுமே! மெதுவான இரண்டாம் பகுதியில் எல்லோரும் ஒரே இடத்தில் மூச்சு வாங்க, நீண்ட சுரங்கள் பொத்தல் பொத்தலாகக் கேட்டன.

“இன்னும் மென்மையாக” என்றே நடத்துநர் சொல்லிக்கொண்டிருந்தார், பயனில்லை. பக்கத்து நாற்காலிக்காரரும் நானும் பென்சிலோடு உட்கார்ந்து மூச்சுக் குறிகளைப் பங்கிட்டுக்கொண்டோம். வரி முடியும் இடத்தில் யாரும் மூச்சு வாங்கக் கூடாது. நீண்ட சுரத்தின் நடுவில், ஒருவர் மாற்றி ஒருவர் வாங்க வேண்டும். ஒலியைத் தேய்த்துக்கொண்டே விலகி, நாக்கால் தட்டாமல் மெல்ல மீண்டும் நுழைய வேண்டும். வரிசை முழுவதும் இப்படிக் குறித்துக்கொண்டதும் ஓட்டை அடைபட்டது.

கடைசிப் பகுதியின் வேக ஓட்டங்களுக்கு வேறு வைத்தியம். கீழ் ஸ்தாயியின் உச்சிச் சுரங்களில் வலக்கை விரல்களைத் துளைகளிலிருந்து எடுக்காமலே வைத்திருந்தேன். மேல் ஸ்தாயிக்குத் தாவும்போது இடக்கை வேலை மட்டுமே மிச்சம். சுருதியும் பெரிதாகக் கெடவில்லை. டிம்பனி என்னும் பெரிய முரசு வாசிப்பவர்தான் இன்னும் எங்களை முந்திக்கொண்டு ஓடுகிறார்.