நாலு வாத்தியம், ஒரே நாற்காலி: பிட்டில் இடம் அமைப்பது எப்படி?

மியூசிக்கல் நாடகம் ஒன்றுக்கு வாசிக்கக் கூப்பிட்டு, "ரீட் 1" என்று ஒரு புத்தகத்தைக் கையில் கொடுத்திருக்கிறார்களா? அட்டையில் ஃப்ளூட், பிக்கலோ, கிளாரினெட், ஆல்டோ சாக்ஸ் என்று நாலு பெயர் இருக்கும். இந்த மாதிரி ஊதுகிற வாத்தியங்களுக்கான புத்தகத்துக்குத்தான் ரீட் என்று பெயர். நாலு பேருக்கான புத்தகம் இல்லை அது. நாலையும் நீங்களேதான் வாசிக்க வேண்டும்.

லண்டன் பக்கத்து அமெச்சூர் நாடகக் குழுக்களுக்கு வாசித்து வருகிறேன், அந்தப் பழக்கத்தில் எழுதுகிறேன். வாத்தியங்களை ஓரளவு வாசிப்பீர்கள், நொட்டேஷன் படிப்பீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். அதற்கெல்லாம் வேறு ஆசிரியர்கள் இருக்கிறார்கள். மேடைக்கு முன்னால் இருக்கிற, பிட் என்கிற அந்த இருட்டுப் பள்ளத்தில், நாற்காலியை விட்டு எழாமல், சத்தம் வராமல், மூன்று நாலு விநாடிக்குள் ஒன்றை வைத்துவிட்டு இன்னொன்றை எப்படி எடுப்பது? இந்தப் பதிவு அதற்கு மட்டும்தான்.

நாலைப் பார்த்து மலைக்க வேண்டாம். 1957இல் வந்த "வெஸ்ட் சைட் ஸ்டோரி"க்கு மொத்தம் ஐந்து ரீட் புத்தகங்கள். அதில் மூன்றாவதை வாங்கியவருக்கு எட்டு வாத்தியங்கள்: பிக்கலோ, ஃப்ளூட், ஓபோ, இங்கிலிஷ் ஹார்ன், கிளாரினெட், பேஸ் கிளாரினெட், டெனர் சாக்ஸ், பாரிடோன் சாக்ஸ். ஐந்தாவது நாற்காலிக்காரருக்கு பசூன் ஒன்றே ஒன்றுதான். பிராட்வேயில் யூனியன் ஒப்பந்தப்படி இரண்டாவது வாத்தியத்துக்கு 12.5 சதவீதம் கூடுதல் சம்பளம், அதற்கு மேல் ஒவ்வொன்றுக்கும் 6.25. எங்கள் குழுவில் டீயும் பிஸ்கட்டும் கிடைக்கும்.

படி 1: ஸ்டாண்ட் வாங்குவதற்கு முன்னால் புத்தகத்தைப் படியுங்கள்

எல்லாரும் முதலில் கடைக்குத்தான் ஓடுகிறார்கள். பொறுங்கள். புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து புரட்டி, வாத்தியம் மாறுகிற ஒவ்வோர் இடத்தையும் ஒரு தாளில் எழுதுங்கள்: எந்தப் பாட்டு, எதிலிருந்து எதற்கு, நடுவில் எத்தனை பார் ஓய்வு. பிறகு அதை விநாடியாக மாற்றுங்கள். 4/4 தாளத்தில் நிமிடத்துக்கு 120 வேகம் என்றால் நாலு பார் ஓய்வுக்கு 8 விநாடி. தாராளம். 160 வேகத்தில் இரண்டு பார் என்றால் 3 விநாடிதான்.

இந்தப் பட்டியலில் மிகக் குறைந்த நேரம் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். உங்கள் மொத்த இட அமைப்பையும் அந்த ஒரு மாற்றத்தை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். மற்ற மாற்றங்கள் கொஞ்சம் அசௌகரியமாக இருந்தாலும் சமாளித்துவிடலாம். வரிசையாக, அழகாக, சிறியதிலிருந்து பெரியது என்று அடுக்கி வைத்தால் போட்டோவுக்கு நன்றாக இருக்கும், அவ்வளவுதான்.

எந்த வகையிலும் முடியாத மாற்றமும் வரும். அப்போது முந்தைய வரியின் கடைசி ஒன்றிரண்டு ஸ்வரங்களை விட்டுவிடுங்கள். புது வரியின் தொடக்கத்தை விடாதீர்கள். தொடக்கம் விடுபட்டால்தான் கண்டக்டர், அதாவது இசைக்குழுவை நடத்துபவர், நிமிர்ந்து பார்ப்பார். இன்னொரு வழி, வாத்தியத்தையே மாற்றாமல் இருப்பது. ஆல்டோவுக்கு எழுதியிருக்கிற நாலு பாரை கிளாரினெட்டிலேயே வாசிக்க வேண்டுமென்றால், எழுதியதை ஒரு பெர்ஃபெக்ட் ஃபிஃப்த் இறக்கிப் படியுங்கள். ஆல்டோவின் ஜி, கிளாரினெட்டில் சி. பேஸ் கிளாரினெட் உங்களிடம் இல்லையா? ட்ரெபிள் கிளெஃபில் எழுதிய பார்ட்டை டெனர் சாக்ஸில் அப்படியே படித்து வாசிக்கலாம், இரண்டும் ஒரே அளவுதான் இறங்கி ஒலிக்கும். டெனர் கீழே பி ஃப்ளாட்டோடு நின்றுவிடும் என்பதை மட்டும் ஞாபகம் வையுங்கள். இப்படி எதைச் செய்வதானாலும் கண்டக்டரிடம் முதலில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

படி 2: ஸ்டாண்ட்

கிளாரினெட்டின் அடியில் விரிந்த வாய்க்குள் மடக்கி வைக்கிற ஐந்து கால் ஸ்டாண்ட் இருக்கிறதே, அது வீட்டுக்கும் வகுப்புக்கும் நல்லது. பிட்டுக்கு வேண்டாம். பக்கத்தில் இருப்பவரின் ஷூ பட்டால் போதும், சாய்ந்துவிடும். கனமான அடித்தட்டு ஒன்றில் இரண்டு மூன்று பெக் (வாத்தியத்தைச் செருகி நிறுத்துகிற முளை) திருகி வைக்கிற வகைதான் என் சிபாரிசு. கே அண்ட் எம் கம்பெனி பெக்குகள் எனக்குப் பிடிக்கும். சாக்ஸுக்கு ஹெர்குலஸ் கம்பெனி ஸ்டாண்ட். உங்கள் கைக்கு வேறு ஒன்று பழகியிருந்தால் மாற்றத் தேவையில்லை, ஆனால் எடை குறைவு என்பதற்காக எதையும் வாங்காதீர்கள். ரயிலில் தூக்கிப்போகச் சுகமாக இருப்பது பிட்டில் சுகமாக இருக்காது.

உலோகம் உலோகத்தில் படுகிற இடமெல்லாம் ரப்பர் குழாயோ துணியோ சுற்றுங்கள். மேலே நாயகியும் நாயகனும் கிசுகிசுத்துக்கொண்டிருக்கும்போது கீழே "டங்" என்று ஒரு சத்தம் வந்தால் மூன்றாவது வரிசை வரை கேட்கும்.

படி 3: எது எங்கே

உட்காருங்கள். கண்ணை மூடிக்கொண்டு கையை நீட்டுங்கள். கை தானாகப் போய் நிற்கிற இடத்தில் இருக்க வேண்டியது, மிக வேகமான மாற்றத்தில் எடுக்கப்போகிற வாத்தியம். சாக்ஸை வலது பக்கம் வைப்பேன், ஏனென்றால் வாசிக்கும்போதே அது வலது தொடைப் பக்கம்தான் கிடக்கிறது. ஃப்ளூட்டும் கிளாரினெட்டும் இடது முன்பக்கம். இரண்டையுமே மேல் பாகத்தைப் பிடித்து நேராக மேலே தூக்கி எடுக்க வேண்டும். சாய்த்து இழுத்தால் பெக்கும் சேர்ந்து வரும். பிக்கலோ ஃப்ளூட்டுக்குப் பக்கத்திலேயே. மடியில் வைக்க ஆசை வரும், வேண்டாம்.

நோட்டு ஸ்டாண்டைக் கொஞ்சம் உயர்த்தி, கண்டக்டரின் கைக்கு நேர் கீழே வரும்படி வையுங்கள். காலடியில் கருப்புத் துண்டு ஒன்றை விரித்துவிட்டால் சத்தமும் குறையும், கீழே போடுகிற பென்சிலும் உருளாது.

படி 4: கழுத்துப் பட்டை

சாக்ஸைக் கீழே வைக்கும்போது பட்டையைக் கழற்ற வேண்டாம். அது கழுத்திலேயே தொங்கட்டும். கொக்கிதான் விஷயம். வாய் மூடிக்கொள்கிற ஸ்னாப் கொக்கி பாதுகாப்பானது, ஆனால் இருட்டில் கழற்றுவதற்குள் இரண்டு பார் ஓடிவிடும். பிட்டுக்குத் திறந்த கொக்கி. கழற்றியதும் ஒரு கை எப்போதும் சாக்ஸின் மேல் இருக்கட்டும். தோளில் மாட்டுகிற ஹார்னஸ் முதுகுக்கு நல்லது என்கிறார்கள், உண்மைதான். ஆனால் குனிந்து ஃப்ளூட்டை எடுக்கும்போது அதன் கொக்கி ஃப்ளூட்டின் சாவிகளில் போய் மாட்டும். தொங்குகிற கொக்கியைச் சட்டைப் பொத்தானுக்குள் செருகிவிடுங்கள்.

படி 5: காத்திருக்கிற வாத்தியம்

என்னை மிக அதிகமாகப் படுத்தியது இந்தப் படிதான். எல்லாம் சரியாக இருக்கும்: ஸ்டாண்ட் சரி, கை சரி, நேரத்துக்கு எடுத்தாயிற்று. வாயில் வைத்து ஊதினால் சுருதி கீழே கிடக்கும், அல்லது சத்தமே வராது. இருபது நிமிடம் பெக்கில் சும்மா நின்ற வாத்தியத்துக்கு இரண்டு வியாதிகள்.

முதலாவது குளிர். குழாய்க்குள் இருக்கிற காற்றின் வெப்பம் ஒரு டிகிரி இறங்கினால் சுருதி சுமார் 3 சென்ட் இறங்கும். அரை ஸ்வரம் என்பது 100 சென்ட். ஏசி ஓடுகிற பிட்டில், உங்கள் மூச்சுச் சூட்டில் இருந்த ஃப்ளூட் ஐந்து டிகிரி ஆறினாலே 15 சென்ட் போய்விடும். பக்கத்து வயலின்காரருக்கு அது நன்றாகவே கேட்கும்.

இங்கே ஆரம்பக்காரர்கள் செய்வது, உடனே தலைப்பகுதியை உள்ளே தள்ளுவது. தள்ளாதீர்கள். பத்து பார் வாசித்ததும் வாத்தியம் சூடாகி ஏறிவிடும், பிறகு வெளியே இழுக்க நேரம் இருக்காது. சூடான நிலையில் ஒரு தடவை ஒழுங்காகச் சுருதி சேர்த்து, சாக்ஸின் கார்க்கில் மவுத்பீஸ் எதுவரை வருகிறதென்று பென்சிலால் கோடு போடுங்கள். ஷோ நடக்கும்போது அந்தக் கோட்டைத் தொடவே வேண்டாம். அதற்குப் பதிலாக, உங்கள் இடம் வருவதற்கு எட்டுப் பத்து பார் முன்னால் வாத்தியத்தை எடுத்து, எல்லாத் துளையையும் மூடி, சத்தமில்லாமல் சூடான காற்றை உள்ளே விடுங்கள். ஃப்ளூட்டில் ஊதுதுளையை உதட்டால் முழுக்க மூடிக்கொண்டு விட வேண்டும். எட்டு பார் இல்லாத வேக மாற்றங்களுக்கு, முந்தைய பாட்டின் கைதட்டலிலேயே இதைச் செய்துவிடுங்கள். பார்ட்டில் அந்த இடத்தில் "சூடு" என்று பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன். அதைப் பார்த்த பக்கத்து நாற்காலிக்காரர் இது என்ன எழுத்து என்று கேட்டார். இப்போது அவர் பார்ட்டிலும் தமிழில் ஒரு "சூடு" இருக்கிறது.

இரண்டாவது வியாதி, ரீட் காய்வது. இங்கே ரீட் என்பது புத்தகம் இல்லை, கிளாரினெட், சாக்ஸ் மவுத்பீஸில் கட்டுகிற மெல்லிய நாணல் பட்டை. காய்ந்த ரீட்டின் நுனி அலை அலையாக நெளிந்துவிடும், நாக்கால் தடவினாலும் உடனே சரியாகாது. வைக்கும்போதெல்லாம் மவுத்பீஸுக்கு மூடி போடுவது ஒரு வழி, ஆனால் மூன்று விநாடி மாற்றத்தில் மூடியை எங்கே தேடுவது? என் முடிவு: பிட்டில் செயற்கை ரீட். லெஜேர் கம்பெனி ரீட்டைப் போட்டுவிட்டுக் கவலையை விட்டேன். மூங்கில் போல இருக்கிற அந்தப் பழைய நாணல் ரீட்டின் ஒலி நிறம் அதில் இல்லை என்று சொல்பவர்கள் சரியாகத்தான் சொல்கிறார்கள். தனிக் கச்சேரிக்கு நானும் நாணல்தான் போடுவேன். ஆனால் இருபது நிமிடம் சும்மா இருந்துவிட்டு முதல் ஸ்வரமே மெதுவாகத் தொடங்க வேண்டிய பேஸ் கிளாரினெட்டுக்கு, நிறத்தை விட நம்பகம் முக்கியம்.

படி 6: விளக்கும் பென்சிலும்

இரண்டு தலை கொண்ட கிளிப் விளக்கு வாங்குங்கள், ஒரு தலை இரண்டு பக்கத்துக்குப் போதாது. வெளிச்சம் நோட்டில் மட்டும் விழட்டும். மாற்று பேட்டரி பையில். பார்ட் வாடகைக்கு வந்தது, எனவே பென்சில் மட்டும். திருப்பித் தருமுன் அழித்தாக வேண்டும். அடுத்த வாத்தியத்தின் பெயரை, மாற வேண்டிய இடத்தில் இல்லாமல், முந்தைய வரி முடிகிற இடத்திலேயே பெரிதாக எழுதுங்கள்.

பின்னூட்டங்களுக்குப் பிறகு சேர்த்தது

கிளாரினெட்டில் திடீரென்று கரகரவென்று சத்தம் வருகிறது என்று ஒரு வாசகர் எழுதியிருந்தார். துளைக்குள் தண்ணீர். அந்தச் சாவியைத் திறந்து பலமாக ஊதித் தள்ளுங்கள், பிறகு சிகரெட் தாளைச் சாவியின் பேடுக்கு (துளையை மூடுகிற மெத்தைக்கு) அடியில் வைத்து மெதுவாக அழுத்தி எடுங்கள். நீளமான வசனக் காட்சி வரும்போதெல்லாம் உள்ளே துணி இழுத்துவிட்டால் இது பெரும்பாலும் வராது.

மரக் கிளாரினெட்டை ஏசி காற்றுக்கு நேராக வைக்கலாமா என்று இன்னொருவர். கூடாது, விரிசல் விடும். குளிர்ந்த மரத்துக்குள் திடீரென்று சூடான மூச்சை விடுவதும் ஆபத்துதான். படி 5இல் சொன்னதை மரக் கிளாரினெட்டில் நிதானமாகச் செய்யுங்கள், முதலில் கையால் மேல் பாகத்தைப் பொத்திச் சூடாக்கிவிட்டு. பிட்டுக்கென்றே ஒன்று வாங்குவதானால் பஃபே கிரீன்லைன் மாதிரி மரத்தூளும் கார்பன் நாரும் சேர்த்துச் செய்ததோ, நல்ல பிளாஸ்டிக் கிளாரினெட்டோ போதும்.

சாக்ஸ் வாசித்த உடனே ஃப்ளூட் எடுத்தால் சத்தம் உடைகிறது என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். ஸ்டாண்டில் இதற்கு மருந்து இல்லை. உதடு இறுகிக் கிடக்கிறது. வீட்டில் பயிற்சி செய்யும்போது நேரத்தில் பாதியை ஃப்ளூட்டுக்குக் கொடுங்கள், அதையும் சாக்ஸ் வாசித்து உதடு களைத்த பிறகு செய்யுங்கள். டைமர் வைத்து, படி 1 பட்டியலில் இருக்கிற மாற்றங்களை மட்டும், இரண்டு பக்கமும் நாலு நாலு பாரோடு, திரும்பத் திரும்ப. முடிந்தால் விளக்கை அணைத்துவிட்டு.