ஈரக் கைக்கும் பணியும் தொடுதிரை

பாம்பன், மண்டபம் மீனவர்களுக்கான வரைபடச் செயலியை எழுதுபவர், உப்புநீர் மின்சாரத்தைக் கடத்துவதால் திரையில் தெறித்த துளியும் விரலாகப் பதிவாகலாம் என்பதை முதலிலேயே கணக்கில் கொள்ள வேண்டும்.

ஆண்ட்ராய்டில் விரல் பதிந்ததும் ‘டவுன்’, நகர்ந்தால் ‘மூவ்’, எடுத்தால் ‘அப்’ என நிகழ்வுகள் வரிசையாக வரும். விரலின் சிறு நடுக்கத்தை இழுப்பாகக் கொள்ளாமல், ‘டச் ஸ்லாப்’ எனும் குறைந்தபட்ச நகர்வு அளவைத் தாண்டிய பிறகே வரைபடத்தை நகர்த்துங்கள். அது பொதுவாக 8 டிபி (எல்லாத் திரைகளிலும் ஏறக்குறைய ஒரே அளவாகத் தோன்றும் நீள அலகு) என்றாலும், எண்ணை நிரலில் எழுதிவிடாமல் ஆண்ட்ராய்டின் ‘வியூகான்ஃபிகரேஷன்’ என்ற வகுப்பின் வழியாகக் கேட்டுப் பெறுவதே சரி.

பலரும் கவனிக்காமல் விடுவது, தொடுதல் ரத்தானதைச் சொல்லும் ‘கேன்சல்’ நிகழ்வைத்தான். வலை விட்ட இடத்தைக் குறிக்க நீண்ட அழுத்தத்தை வைத்திருக்கிறீர்கள் என்று கொள்வோம். படகு ஆடும்போது விரல் வழுக்கி, வரைபடத்தைத் தாங்கும் ‘ஸ்க்ரோல்’ பகுதி (விரலால் நகர்த்தக்கூடிய திரைப்பகுதி) தொடுதலை எடுத்துக்கொண்டால், ‘அப்’ வராது, ‘கேன்சல்’ மட்டுமே வரும். அப்போது நீண்ட அழுத்தத்தை அளக்க நீங்கள் ஓடவிட்ட டைமரை நிறுத்தாவிட்டால், மீனவர் கேட்காத இடத்தில் குறி விழுந்துவிடும். கடலில் தவறான குறியால் டீசலும் பொழுதும் வீணாகும் என்பதால், குறியை உடனே நீக்கும் வசதியும் கட்டாயம் வேண்டும்.

பொத்தான்கள் 48 டிபிக்குக் குறையக் கூடாது; ஈரக் கைக்கு இன்னும் பெரிதாக வைப்பதே என் பரிந்துரை. ஒரு கை சுக்கானில் இருக்கும் என்பதால், பெரிதாக்க இருவிரல் சைகையை மட்டும் நம்பாமல் தனிப் பொத்தானும் கொடுங்கள்.