ஆண் மேஃப்ளையை இனங்காண்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இரணைமடு, முத்தையன்கட்டு போன்ற குளங்களை அண்டிய வீடுகளில், மழைக்கால இரவுகளில் விளக்கைச் சுற்றும் சிறகுப் பூச்சிகள் யாவற்றையும் ஈசல் என்று ஒதுக்கிவிடுவோர் வன்னியில் பலர். ஈசலுக்கு வால் இழைகள் இல்லை. நீரில் வளர்ந்து சிறகு பெற்று வெளிவரும் பூச்சியான மேஃப்ளையோ சிறகுகளை முதுகின்மேல் நிமிர்த்தி, வயிற்று நுனியில் 2 அல்லது 3 நீண்ட இழைகளுடன் அமர்ந்திருக்கும். இது வெறுங்கண்ணுக்கே தெரியும். சிக்கல் இதற்குப் பின்னரே தொடங்குகிறது.

முதிராத ஆணை முதிர்ந்ததாகக் கொள்வதே பெருந்தவறு. இன்று வாழும் பூச்சிகளில் மேஃப்ளை மட்டுமே சிறகு பெற்ற பின்னும் மீண்டும் ஒருமுறை தோலுரிக்கிறது. அதற்கு முன்னைய நிலையில் சிறகுகள் மங்கலாகவும், முன்னங்கால்கள் குட்டையாகவும், இனப்பெருக்க உறுப்புகள் முழு வடிவம் பெறாமலும் இருப்பதால், அப்போதே அற்ககோலில் இட்ட மாதிரியைக் கொண்டு இனத்தைத் தீர்மானிப்பது பெரும்பாலும் வீண்முயற்சியாகும். ஈரம் படியாத, வலை மூடிய பெட்டியில் ஓரிரவு உயிருடன் விட்டால் பெரும்பாலும் அது தானே தோலுரித்துவிடும். முதிராத நிலைக்கு அடையாளமாகக் கொள்ளப்படும் சிறகோர மயிர்களை மட்டும் நம்பி நிலையை முடிவுசெய்வதும் தவறு. சீனிஸ் என்னும் மேஃப்ளைப் பேரினத்தில் முதிர்ந்த பூச்சிக்கும் அம்மயிர்கள் உண்டு.

கண்களும் ஏமாற்றும். பீட்டிடே என்னும் மேஃப்ளைக் குடும்பத்து ஆண்களில் கூட்டுக்கண்ணின் மேற்பகுதி பம்பரம்போல் உயர்ந்து நிற்பதைக் கண்டு பழகியவர்கள், சிறிய கண்களைக் கொண்ட சீனிஸ் ஆணைப் பெண் என எழுதிவிடுகின்றனர். வயிற்றின் 9ஆம் துண்டத்தின் அடியில் பெண்ணைப் பற்றிக்கொள்ளும் இடுக்கி உள்ளதா என்று பார்த்தால் ஐயம் தீரும். வால் இழைகளை எண்ணும்போதும் அவசரம் கூடாது. குளோயோன் என்னும் இன்னொரு மேஃப்ளைப் பேரினம், சீனிஸ் இரண்டுக்கும் பின்சிறகு இல்லை. முன்னதற்கு 2 இழைகள், பின்னதற்கு 3. நடு இழை முறிந்த சீனிஸைக் குளோயோன் என்று எண்ணாதிருக்க, முறிந்த அடிக்கட்டை எஞ்சியுள்ளதா என்று கைவில்லையால் பார்க்க வேண்டும்.

நிறத்தை வைத்து இனப்பெயர் சொல்வது எனக்கு உடன்பாடில்லை. கண்ணின் நிறம் அற்ககோலில் மங்கிவிடும். ஆகவே பிடித்தவுடனேயே குறித்துக்கொள்ள வேண்டும். உடலளவும் நீரின் வெப்பத்துக்கும் உணவுக்கும் ஏற்ப ஓரினத்துக்குள்ளேயே மாறும். இனத்தைப் பிரிப்பதற்குப் பெரும்பாலும் இடுக்கியின் துண்டங்களும் ஆணுறுப்பு மடல்களின் வடிவமுமே துணைநிற்கும். அவற்றைத் தெளிவாகக் காண, வயிற்று நுனியைப் பொற்றாசியம் ஐதரொட்சைட்டுக் கரைசலில் இட்டுத் தசையை நீக்கியபின் நுணுக்குக்காட்டியின் கீழ் வைக்க வேண்டும்; மீதி உடலையும் அதே எண்ணிட்ட குப்பியில் சேர்த்து வைக்காவிட்டால், எந்த நுனி எந்தப் பூச்சிக்குரியது என்பது பின்னர் தெரியாமற் போகும்.