மியாட்டாவில் ஹெடர் மாட்டிய அனுபவம்

என் மாஸ்டா மியாட்டா காருக்கு ஸ்டெயின்லெஸ் ஹெடரை (எஞ்சினிலிருந்து புகையை வெளியே கொண்டுபோகும் குழாய்த் தொகுதி) வீட்டிலேயே மாட்டினேன். வேலையில் முக்கால்வாசி அதே இடத்தில் ஏற்கெனவே இருக்கும் பழைய மேனிஃபோல்டைக் கழற்றுவதுதான், ஏனென்றால் பல வருஷம் சூட்டில் கிடந்த நட்டுகள் துருப்பிடித்து, அவை மாட்டியிருக்கும் மரைக் கம்பியான ஸ்டட்டோடு இறுகிப்போயிருக்கும், முரட்டுத்தனமாகத் திருகினால் ஸ்டட் முறிந்து, எஞ்சினின் மேல்பாகமான சிலிண்டர் ஹெட்டுக்குள்ளேயே நின்றுவிடும். முந்தின ராத்திரியே துரு இளக்கும் எண்ணெய் அடித்து ஊறவிட்டேன். காலையில் ஆறுமுனை சாக்கெட் போட்டுக் கொஞ்சம் இளக்கி, திரும்ப இறுக்கி, மறுபடி இளக்க, செம்பழுப்புத் தூள் உதிர்ந்து நட்டு வழிக்கு வந்தது. அப்புறம் ஹெட்டின் முகப்பைச் சுத்தமாகத் துடைத்து, புது கேஸ்கெட் (கசியாமல் அடைக்கும் தகடு) வைத்து, எல்லா நட்டையும் முதலில் கையால் ஏற்றிவிட்டு, நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, இறுக்கத்தை அளந்து திருகும் டார்க் ரெஞ்ச்சில் இறுக்கினேன். புகைக்குழாயில் மாட்டும் ஆக்சிஜன் சென்சாரின் மரையில் ஆன்டி-சீஸ் (மரை இறுகிப்போகாமல் காக்கும் பசை) தடவுங்கள், ஆனால் சென்சார் முனையில் படவே கூடாது. ஒரு தடவை சூடாகி ஆறியதும் நட்டுகளைத் திரும்ப இறுக்கிப் பார்ப்பது கட்டாயம். குளிர்ந்த எஞ்சினில் டிக் டிக் சத்தம் கேட்டால் புகை கசியலாம், முதலில் கேஸ்கெட்டைத்தான் பாருங்கள்.