உப்புக்காற்றில் ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் கார்: வாங்குவதும் வைத்திருப்பதும்

உப்புவெளிக்கு அந்தப் பெயரை வைத்தவர்கள் காரை நினைத்து வைக்கவில்லைதான். ஆனாலும் அந்த ஊர் இருக்கும் திருகோணமலையில் பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்க எண்ணுபவர் முதலில் யோசிக்க வேண்டியது அந்தப் பெயரைத்தான். ஓடிய கிலோமீற்றரும் எஞ்சினின் நிலையும் அதற்குப் பிறகுதான் வரும். எஞ்சினைத் திருத்திவிடலாம், கறள் தின்ற தகட்டைத் திருத்தி முடிப்பதற்குள் கார் வாங்கிய அளவு காசு கரைந்துவிடும். என்னிடம் இருப்பது 1990 ஆம் ஆண்டின் மஸ்டா எம்எக்ஸ்-5, அதாவது 1.6 லீற்றர் எஞ்சினும் ஏறத்தாழ 950 கிலோ எடையும் தூங்கி விழிப்பதுபோல் எழும் முன்விளக்குகளும் கொண்ட முதல் தலைமுறைக் கார் என்பதால், உதாரணங்களை அதிலிருந்தே தருகிறேன்.

துணிக்கூரையில் விழும் மழைநீர் இருக்கைகளுக்குப் பின்னால் இரு மூலைகளிலும் உள்ள வடிகால் துளைகளில் இறங்கிக் காரின் அடியால் வெளியேற வேண்டும். வேப்பமர நிழலில் நிறுத்தப்படும் காரில் அத்துளைகள் சருகால் அடைபட்டு, கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் பெட்டித் தகட்டினுள் நீர் தேங்கி, வெளியே பெயின்ட் பளபளக்கும்போதே உள்ளிருந்து கறள் பிடிக்கத் தொடங்கும். ஆகவே காரைப் பார்க்கப் போகும்போது மெல்லிய துணியில் சுற்றிய சிறு காந்தம் ஒன்றைக் கொண்டுபோய், கதவின் அடியிலிருந்து பின்சக்கரம் வரை மெதுவாக நகர்த்திப் பாருங்கள். காந்தம் ஒட்டாமல் வழுக்கும் இடத்தில் இருப்பது தகடன்று, பூச்சுப் பசை. பிறகு காரை மெல்ல உருட்டிச் சட்டென்று பிறேக்கை மிதித்துக் காது கொடுங்கள். உள்ளே சளக்கென்று நீர் அசைந்தால் விலை பேசாமல் திரும்பிவிடுவதே நல்லது. நான் வாங்கிய நாளில் காந்தம் ஒரு சாண் நீளத்துக்கு வழுக்கியது. பெயின்டின் சிவப்பில் மயங்கி, அதைக் காணாததுபோல் கையெழுத்திட்டேன். அந்த ஒரு சாணை வெட்டிப் புதுத் தகடு ஒட்டுவதற்குக் கொடுத்த காசில் இரண்டு வருடம் சேர்விஸ் செய்திருக்கலாம்.

வாகனப் புத்தகத்திலுள்ள செசி இலக்கமும் எஞ்சின் இலக்கமும் காரில் பொறித்திருப்பவையும் ஒன்றாக இருக்க வேண்டும். ஆண்டுதோறும் வருமான அனுமதிப்பத்திரம் எடுக்கும்போது புகைப் பரிசோதனையும் உண்டு என்பதால், அதற்கு முன்பே பிளக்குகளையும் எயார் பில்ரரையும் மாற்றிக்கொள்ளுங்கள்.

வாங்கும் விலையில் மூன்றிலொரு பங்கையாவது முதல் வருடச் செலவுக்கென்று தனியாக எடுத்து வையுங்கள். எஞ்சினின் ரைமிங் பெல்ற்றை 100,000 கிலோமீற்றருக்கு ஒருமுறை மாற்றவேண்டும். கடைசியாக மாற்றிய திகதிக்குச் சான்று இல்லையெனில், மாற்றவே இல்லை என்று கொள்ளுங்கள். ரயரில் பட்டன் அழியாமல் இருப்பதை நம்பாமல், பக்கவாட்டிலுள்ள நான்கு இலக்கங்களைப் படியுங்கள்: 3214 என்றிருந்தால் அது 2014 ஆம் ஆண்டின் 32 ஆவது வாரத்தில் செய்யப்பட்டது. ரேடியேற்றரின் மேற்புறப் பிளாஸ்ரிக் கறுப்பிலிருந்து மண்ணிறமாக மாறியிருந்தால் அது வெடிக்க நாள் எண்ணிக்கொண்டிருக்கிறது. கச்சான் காற்று அனலாய் வீசும் மாதங்களில், கந்தளாய்க்கும் ஹபரணைக்கும் இடையே யானை நடமாடும் காட்டுவீதியில் ஆவி பறக்க நிற்க நேர்ந்தால், அதை முன்பே மாற்றியிருப்பதன் அருமை விளங்கும். பிறேக் எண்ணெய் ஈரத்தை உறிஞ்சும் தன்மையுள்ளது, ஆகவே இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். உதிரிப்பாகங்களுக்குக் கொழும்பு பஞ்சிகாவத்தையில் விசாரிக்கலாம். அங்கே கிடைக்காதவற்றை வெளிநாட்டிலிருந்து தருவிக்க வேண்டியிருப்பதால், அடிக்கடி பழுதாகும் கிளச் சிலிண்டர், தண்ணீர் ஹோஸ் போன்றவற்றில் ஒவ்வொன்று வீட்டில் இருப்பது நல்லது.

பராமரிப்பு பெரிய வித்தையல்ல. மாதம் ஒருமுறை தடித்த தங்கூசித் துண்டொன்றை வடிகால் துளைக்குள் மெல்லச் செலுத்தி, ஒரு குவளை நீரை ஊற்றி, அது காரின் அடியில் சொட்டுகிறதா என்று பாருங்கள். மழை தொடங்கும் கார்த்திகைக்கு முன் இதைத் தவறவிடக்கூடாது. காரைத் தறப்பாளால் மூடவே மூடாதீர்கள். அடியில் வியர்வைபோல் ஈரம் கோத்து, திறந்த வெளியில் நிற்பதைவிட விரைவாகக் கறள் ஏறும். கூரையை மடிப்பதற்கு முன் பின்புறப் பிளாஸ்ரிக் யன்னலின் சிப்பைத் திறந்து தட்டையாகப் படுக்கவிடாவிட்டால், வெயிலில் காய்ந்த பிளாஸ்ரிக் ஒரே மடிப்பில் கீறிவிடும்.

வாரத்தில் ஒரு நாளாவது காரை ஓட்டத்தான் வேண்டும். நிற்கும் காரில் பற்றரி இறங்கும், பிறேக் இறுகும், றப்பர் காயும். இந்தக் கட்டாயம்தான் இதன் இன்பமும் என்று வீட்டாருக்கு விளக்க நான் பட்ட பாடு கொஞ்சமல்ல. காலை ஐந்தரைக்குக் கூரையை மடித்துவிட்டு நிலாவெளி வீதியில் வடக்கே போனால், வேகத்துக்குத் தேவையே இராது. குறுகிய கியர் நெம்புகோல் மணிக்கட்டின் ஓர் அசைவில் சட்டென்று விழும்; தலைக்கு மேலே பனைகளும், இறக்கக்கண்டிப் பாலத்தில் இருபுறமும் நீரும், காற்றில் கருவாட்டு வாசமும் கடந்து போகும். மணிக்கு ஐம்பது கிலோமீற்றர் அந்தத் தாழ்ந்த இருக்கையில் தொண்ணூறு போலத் தோன்றும். குச்சவெளியில் தேநீர் குடித்துத் திரும்பியதும் குளிக்கப் போகாதீர்கள். முதலில் குழாய்நீரை நான்கு சக்கர வளைவுகளுக்குள்ளும் கதவுகளின் அடியிலும் பீய்ச்சி உப்பைக் கழுவுங்கள். காரை அதன்பின் வெயிலில் கதவு திறந்தபடி அரைமணி நேரம் நிறுத்தி உலரவிடுங்கள்.